ஹார்மன் தட்டாத கதவு

"இன்னிக்கு மத்தியானம் அடக்கம், நீல்டியா. வந்துரு," என்றார் ஹார்மன், வாசற்படிக்குக் கீழே நின்றபடி.

"செத்தது யாரு, மாமா?"

"பேர் தெரியாது. கப்பல்ல இருந்தவன்."

"பேர் தெரியாதவன் சாவுக்கு அழைப்பா? விட்டா இன்னும் பிறக்காதவனுக்கும் கூப்பிடுவீங்க போல."

"வாயப் பாரு! மணல்ல புதையிறவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே?"

"அது சரி. பிணப்படகு இன்னும் கப்பலை விட்டே கிளம்பலையே. உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "யாரும் சொல்லல. விடியும்போதே இது ரெண்டும் எழுந்து நடக்குது. நான் பின்னாடி வர்றேன்."

நீல்டியா சிரித்தாள். மத்தியானம் படகு வந்தது. அதன்பின் அவள் சிரிக்கவில்லை.

குடியேற்ற நாடுகள் ஆங்கில அரசரை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. புரூக்ளின் கரை அரசர் படையின் கையில் இருந்தது. பிடிபட்ட கலகக்காரர்களை, பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களில் அடைத்து விரிகுடாவில் நிறுத்தியிருந்தார்கள். நீல்டியாவின் தம்பி யோஸ்டும் அங்கேதான் இருந்தான். காற்று கரைப்பக்கம் திரும்பினால் ஊரே ஜன்னல்களைச் சாத்திக்கொள்ளும்.

ஹார்மனின் வேலை சாவுக்கு அழைப்பது. கறுப்பு அங்கி, தொப்பியிலிருந்து முதுகுவரை தொங்கும் கறுப்புத் துணி. அவர் வந்து கதவைத் தட்டிக் கூப்பிடாமல் அந்தக் கரையின் டச்சுக்காரர்கள் யாரும் அடக்கத்துக்குப் போவதில்லை. இழவு வீட்டுக் கதவை மட்டும் அவர் தட்டமாட்டார். அவர்களுக்குத் தெரியாத செய்தியா? கல்யாணம் ஆகாதவர். மற்ற நாட்களில் முட்டைக்கோஸ் பயிரிடுவார், சோளக்கூழில் மோர் விட்டுக் குடிப்பார், தெரு நாய்களைப் பெயர் சொல்லித் திட்டுவார். கப்பல்கள் வந்தபிறகு அவருக்கு அங்கியைக் கழற்ற நேரமில்லாமல் போயிற்று.

ஒருநாள் எல்லாக் கதவையும் தட்டியவர், விதவை காத்ரினாவின் வீட்டை மட்டும் தாண்டிப் போனார். அவள் மகன் கப்பலில் இருந்தான். "என்னையும் கூப்பிடுங்கண்ணா! மறந்துட்டீங்க, என்னையும் கூப்பிடுங்க!" என்று அவள் தெரு முழுக்கப் பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பவில்லை. அன்றைய பிணப்படகில் அவள் மகன் வந்தான்.

அதிலிருந்து கைதிகளின் வீடுகளில் எல்லாம் தலைகீழானது. தட்டும் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். நீல்டியா தினமும் கதவுக்குப் பின்னால் நின்றாள். டொக் என்று கேட்டதும், யாரோ ஒருவன் செத்ததற்குத் தன் மனம் குளிர்வதை நினைத்துக் கூசுவாள்.

அன்று பனிமூட்டம். பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்பட்டது. காலடிகள் நெருங்கின. வாசலில் நின்றன. சத்தமே இல்லை.

பொறுக்க முடியாமல் அவள் கதவைத் திறந்தாள். ஹார்மன் கையை ஓங்கியபடி நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை. கால்கள் அடுத்த வீட்டுப் பக்கமாக மண்ணைத் தேய்த்து இழுத்துக்கொண்டிருந்தன. இன்னொரு கையால் கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தார்.

"கை இறங்க மாட்டேங்குதும்மா," என்றார். "நீ பிடிச்சுத் தட்டிவிடு. சீக்கிரம், படகு கிளம்புறதுக்குள்ள."