பொழுதோடு வீடு திரும்புகிறவர்

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால் தெருவில் எல்லோரும் முதலில் அவருடைய சைக்கிளைத்தான் சொல்வார்கள். நான் அவருடைய பிடிவாதத்தைச் சொல்வேன். 1989-ல் கல்யாணமாகி திருவண்ணாமலைக்கு வந்தபோது வீட்டில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு பழைய ராலே சைக்கிள் இருந்தன. கட்டில் ஆடும், ஸ்டவ் புகையும், சைக்கிள் மட்டும் புதுப் பாத்திரம் போலப் பளபளக்கும். இவருக்கு எது முக்கியம் என்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பெயர் அப்பாண்டைராஜன். போளூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். வேட்டவலம் ரோட்டில் ஒரு உரக்கடையில் வேலை. லீவு நாள் வந்தால் போதும், நன்றாக விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். லாரி போகிற ரோடு அவருக்கு ஆகாது. ஏரிக்கரை, கரும்புத் தோட்டத்து வண்டிப்பாதை, ஊருக்குள் புகுந்து கோயில் பின்பக்கமாக வெளியே வருகிற சந்து, இதெல்லாம்தான் பிடிக்கும். புதுக் கல்யாணக்காரி நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவர் செஞ்சி வரைக்கும் போய்விட்டு வந்து, வழியில் பார்த்த புளியமரங்களின் பெருமையைச் சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செங்கம் ரோட்டில் மாறன் என்பவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். ஒரு வருஷம் பொங்கல் கழிந்த சமயம், ஹாலந்துக்காரர் ஒருவர் வந்து, சைக்கிளிலேயே கடலுக்குப் போக வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். மாறன் அவரை நேரே எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இவர் வழி சொன்னதோடு நின்றாரா? கடையில் லீவு சொல்லிவிட்டுக் கூடவே போய்விட்டார். அதிலிருந்து வருஷா வருஷம் மாசி மாதம் நாலைந்து பேர் அந்த ஹாலந்துக்காரரோடு வந்து நிற்பார்கள். காசும் வாங்க மாட்டார், அது இன்னொரு பைத்தியம்.

முதல் நாள் செஞ்சி வழியாக மேல்சித்தாமூர். என் பிறந்த வீடு அங்கே பக்கத்தில்தான், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கவலையில்லை. மறுநாள் திண்டிவனம் தாண்டி மரக்காணம், உப்பளம், பிறகு கடலை ஒட்டித் தெற்கே அனுமந்தை. அதற்கடுத்த நாள் புதுச்சேரி. போகிற வழி எதுவானாலும் ஒரு சட்டம் மாறாது. சூரியன் மறைவதற்குள் சைக்கிளை விட்டு இறங்கியாக வேண்டும், சாப்பிட்டும் முடித்தாக வேண்டும். எங்கள் ஜனங்களுக்கு அந்தி சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. கடற்கரையில் எங்களவர் வீடு இல்லாததால், நான் சமைத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் அனுமந்தைக்குப் போய்க் காத்திருப்பேன். வெங்காயம், உருளைக்கிழங்கு சேராத எங்கள் சமையலை அந்த வெள்ளைக்காரர்கள் விரலைக்கூட விடாமல் நக்கிச் சாப்பிடுவார்கள்.

சட்டத்தில் அவர் அவ்வளவு கறார். எதிர்வீட்டு தனம் அவர் வீடு திரும்புவதைப் பார்த்துத்தான் விளக்கு ஏற்றுவாள். எங்கள் ஜைன சங்கத்தில், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு ஆசாரமா என்று மெச்சி ஒரு சால்வை போர்த்தினார்கள். அவர் அதை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தார், ஒரு தரம்கூட வெளியே எடுக்கவில்லை. என்ன அடக்கம் என்று நான்கூடப் பூரித்துப்போனேன்.

1998 மாசியில் கடல் காற்று பலமாக இருந்தது. திண்டிவனம் தாண்டியதுமே எதிர்க்காற்று பிடித்துக்கொண்டதாம். நான் அனுமந்தை பஸ் நிறுத்தத்தில் சோற்று அடுக்கை வைத்துக்கொண்டு நிற்கிறேன், நிற்கிறேன், யாரையும் காணோம். மேற்கே பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. அடுக்கை மூடிவிட்டு, இன்றைக்கு இவர் பட்டினி என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். எனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டேன், அவர்கள் பின்னால் கையைக் காட்டினார்கள்.

ஹாலந்துக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். இவர் தன் சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் அவருடைய கேரியரைப் பிடித்தபடி, காலைத் தடவித் தடவி வைத்து நடந்து வந்தார். அடிபட்டுவிட்டதோ என்று நினைத்தேன். இன்னும் முழுசாக இருட்டவில்லை. ரோட்டில் போகிறவர்கள் முகம் எனக்குத் தெரிந்தது. நான் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு நடு வழியில் நின்றேன். அவர் என்னை உரசாத குறையாகத் தாண்டிப் போனார், பார்க்கவில்லை. "ஏங்க" என்று கூப்பிட்டேன். அவர் முகத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பினார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் மனசில் வந்தது. கரண்ட் போனால் இருந்த இடத்தை விட்டு நகர மாட்டார், சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். ஒரு நாளும் சாயங்கால ஆட்டத்துக்கு சினிமா கூட்டிப்போனதில்லை, அதெல்லாம் நமக்கு ஆகாது என்பார். தீபத்தன்று ஊரே மொட்டை மாடியில் நிற்கும், இவர் மட்டும் படி ஏற மாட்டார். அத்தனைக்கும் ஆசாரம், ஆசாரம் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அவரை ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் ஒன்றில் உட்கார வைத்தேன். வந்த கோபத்துக்கு அளவில்லை.

"எத்தினி வருஷமாங்க?"

"பதினஞ்சு வயசுலேர்ந்து," என்றார். "பொழுது போச்சுன்னா ஒண்ணும் தெரியாது. இப்ப பகல்லயும் ரெண்டு பக்கமும் கம்மியாயிட்டு வருது."

"அப்ப நோன்புன்னு சொன்னதெல்லாம் பொய்யா?"

"நோன்பும் நெசந்தான் குசுமா, பயமும் நெசந்தான். எது எவ்ளோன்னு எனக்கே தெரியல. சால்வை போத்தின அன்னிக்கு செத்துடலாம் போல இருந்துச்சு."

அதற்கு மேல் என்ன திட்டுவது? இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷன் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்று அழுகைதான் வந்தது.

சென்னையில் பெரிய கண் டாக்டரிடம் காட்டினோம். விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து இல்லை, நடுப்பார்வை இன்னும் பல வருஷம் நிற்கலாம் என்றார். கடைக்குப் போகலாம், படிக்கலாம். ஆனால் ரோட்டில் இனிமேல் சைக்கிள் கூடவே கூடாது. இவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைக் கட்டிலுக்குப் பின்னால் சாத்தி ஒரு போர்வையைப் போட்டு மூடினார். அடுத்த மாசியில் ஹாலந்துக்காரர் வந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு உள்ளே படுத்துக்கொண்டார். சாப்பிடுவார், கடைக்குப் போவார், வருவார். புளியமரம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பத்து வருஷமாக அந்தப் பேச்சு எப்போது ஓயும் என்று காத்திருந்தவள் நான். ஓய்ந்த பிறகு வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. இந்த மனுஷர் இப்படியே அணைந்துபோய்விடுவாரோ என்று பயந்தேன்.

ஹாலந்துக்காரர் சும்மா போகவில்லை. மாறன் கடையில் உட்கார்ந்து, தங்கள் ஊரில் இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள் உண்டு என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். மாறன் இரண்டு பழைய சைக்கிளை அறுத்து ஒட்டி, வெல்டிங் வைத்து, தோல்வி மேல் தோல்வியாக ஐந்தாறு மாசம் போராடி ஒன்றைச் செய்துவிட்டார். பார்க்க ஒட்டகம் மாதிரி இருந்தது.

"பின்னாடி உக்கார்றவருக்குக் கண்ணு வேணாம்ணே, காலு போதும்," என்றார் மாறன். பளிச்சென்று அப்படிச் சொன்னதில் எனக்குச் சுருக்கென்றது. இவருக்கு அதுதான் பிடித்திருந்தது போல, ஒட்டகத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம், முன்னால் யார் உட்காருவது, கடையை விட்டுவிட்டு மாறன் எத்தனை நாள் வருவார், வேண்டாம் என்றார்.

நான் ஓட்டுகிறேன் என்றேன். ஒரு வருஷமாகச் சிரிக்காத மனுஷர் அன்றைக்குச் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை சைக்கிள் ஏற வைத்தது.

அடி அண்ணாமலைப் பக்கத்து கிரிவலப் பாதையில், விடியற்காலையில் வாடகை சைக்கிளில் பழகினேன். முள்ளில் விழுந்தேன், ஒரு ஆட்டின் மேல் விழுந்தேன். புடவை சக்கரத்தில் சிக்கியதால் சுடிதார் போட்டேன், தெருவில் சைக்கிளைவிட அதுதான் பெரிய பேச்சானது. முப்பது தாண்டி இவளுக்கு வந்த ஷோக்கைப் பாரு என்று தனம் என் காதுபடவே சொன்னாள். வயசானதற்கு அப்புறம்தான்டி தைரியம் வருது என்று நானும் விடாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒட்டகத்தில் அவரை ஏற்றிக்கொண்டு போன முதல் நாள் சண்டையில் முடிந்தது. பின்னால் உட்கார்ந்துகொண்டு பிரேக் பிடி, பெல் அடி, சாயாதே என்று ஓயாத நச்சரிப்பு. அடி அண்ணாமலையில் நிறுத்தி, இன்னொரு தடவை பிரேக் என்று சொன்னால் இங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போய்விடுவேன் என்றேன். வீடு வரைக்கும் அவர் மூச்சு விடவில்லை. மறுநாளிலிருந்து ஒரு ஒப்பந்தம் ஆனது. எந்த வழி என்பது அவர் பாடு, ஹேண்டில் என் பாடு. கீழ்பென்னாத்தூர் போனோம், செஞ்சி போனோம். ஏரிக்கரைக் காற்று பட்டதும் பின்னாலிருந்து புளியமரப் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. நான் திட்டவில்லை.

2001 மாசியில் கடலுக்கே கிளம்பிவிட்டோம். ஹாலந்துக்காரர் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். மரக்காணத்தில் அதே எதிர்க்காற்று. இந்தத் தரம் நான் ஏமாறவில்லை, வெயில் இருக்கும்போதே உப்பள ஓரத்தில் அடுக்கைப் பிரித்து எல்லோருக்கும் போட்டுவிட்டேன். அனுமந்தையை நெருங்கும்போது சூரியன் பனைமரத்துக்கு இறங்கிவிட்டது. எப்போதும் போல நிறுத்தப் போனேன்.

"வெளக்கு வெச்சுட்டாங்களா?" என்றார் பின்னாலிருந்து.

வைத்துவிட்டார்கள் என்றேன்.

"நிறுத்தாத. கொஞ்ச தூரம் போய்ப் பாக்கலாம்."

பிரேக்கில் இருந்த விரலை எடுத்தேன். பெரிய ரோட்டை விட்டு, கடலோரக் குப்பத்துக்குப் போகிற சின்ன ரோட்டில் திருப்பினேன். அவருடைய கால் ஒரு மிதிகூடத் தயங்கவில்லை. இப்போது எப்படி இருக்கிறது, சொல் என்றார். கடல் பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது, படகையெல்லாம் மேலே இழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒரு வீட்டு வாசலில் குண்டு பல்பு எரிகிறது, பொம்பளைகள் வலையைப் பிரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அப்புறம் எனக்கும் ரோடு மங்கியது. மாறன் புதிதாக, சக்கரம் சுற்றச் சுற்ற எரிகிற டைனமோ விளக்கு ஒன்று மாட்டிக் கொடுத்திருந்தார், காலால் தட்டிவிட்டேன். சர்ரென்று சத்தம் வந்தது, விளக்கு மினுக்கென்று எரிந்தது. அவருடைய சைக்கிளில் எந்தக் காலத்திலும் விளக்கு இருந்ததில்லை. அது என்ன சத்தம் என்று கேட்டார், சொன்னேன்.

"வெளிச்சம் பத்தலைங்க," என்றேன். "கொஞ்சம் அழுத்தி மிதிங்க."

அவர் அழுத்தி மிதித்தார். ரோடு நன்றாகத் தெரிந்தது.