பழியெல்லாம் மட்டை மேலே

யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் சரி, ஸ்பானரைக் கையில் எடுத்ததும் லோர்ன் பீட்ரி முதலில் இடுப்பைத் திருப்பி, முழங்கை மடங்காமல், காற்றில் ஒரு வீச்சு வீசிப் பார்ப்பார். சமையலறைத் தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரம்மா துணியும் வாளியுமாக நிற்பாள். மனுஷன் ஜன்னல் கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி, "பாத்தீங்களா, இந்தத் தோளு முந்திக்குது. அதான் கோளாறு," என்பார். குழாயின் கோளாறு அதற்கப்புறம்தான்.

கடலோர ஸ்காட்லாந்தில் இருக்கும் எங்கள் ஊரில் கோல்ஃப் ஆடாதவனுக்குப் பெண் கிடைக்கும், பேசத்தான் ஆள் கிடைக்காது. கசாப்புக்காரரும் வாத்தியாரும் பாதிரியாரும் ஒரே மணல் குழிக்குள் நின்று ஒரே கெட்ட வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். லோர்ன் மீசை முளைத்த நாளிலிருந்து ஆடுகிறார். அவர் அடிக்கும் பந்தும் அன்றிலிருந்து வலது பக்கம் கடலைப் பார்த்தே போகிறது.

ஏன் என்று கேட்டால் பழி மட்டை மேல். மாமனார் கழித்துப் போட்ட செட் அது. பிடி உரிந்துபோய், குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பையே அதற்கும் சுற்றி வைத்திருந்தார். "இதை வெச்சுக்கிட்டு தேவதூதனே வந்தாலும் கடல்லதான் அடிப்பான்." சரி, புதுசு வாங்கித் தொலையேன் என்றால் உடனே கட்சி மாறிவிடுவார். "அவசரப்படக் கூடாது. என் வீச்சு இன்னும் திருந்திக்கிட்டே இருக்கு. இன்னிக்கி வீச்சுக்கு அளவெடுத்து வாங்கிட்டா, நாளைக்கி வீச்சுக்கு யாரு வாங்கித் தர்றது?" இரண்டுமே நியாயம்தான். கடைக்குப் போய் ஒவ்வொரு மட்டையாகத் தடவி, எடுத்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவார். மனைவி செங்கா ரொட்டிக் கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "என்னைக் கட்டிக்க இவ்வளவு யோசிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

ஏப்ரல் முதல் சனிக்கிழமை பக்கத்து ஊரோடு எங்களுக்குப் போட்டி. அணியில் லோர்ன் பெயர் வந்ததே இல்லை. மாற்று ஆள் என்று கூட்டிப்போவார்கள். ஆடுகிறவர்களுக்குச் சூடாகச் சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார். செங்காவின் அண்ணன் டூகிதான் அணித் தலைவன் என்பது வேறு வயிற்றெரிச்சல். சாவதற்குள் ஒரு தடவையாவது அந்தச் சூப்பை வாங்கிக் குடிக்கிற பக்கம் நிற்க வேண்டும். வெளியே சொல்ல வெட்கப்படுவார், ஆனால் ஊருக்கே தெரியும்.

போன குளிர்காலத்தில் என்ன மாயமோ, பந்து நேராகப் போக ஆரம்பித்தது. குளிர்காலத்தில் மட்டை புல்லைக் கிழித்தால் மறுபடி முளைக்காது என்று எங்கள் ஊரில் ஆளுக்கொரு பாய்த்துண்டு வைத்திருப்போம். பந்து எங்கே விழுந்தாலும் அதைப் பாய் மேல் தூக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும். நவம்பரில் பைக்குள் போகிற பாய் மார்ச் முடிந்ததும் பரணுக்குப் போகும். அது இருப்பதையே யாரும் நினைப்பதில்லை. அதன் மேலிருந்து லோர்ன் டூகியையே தோற்கடித்தார். அணிப் பலகையில் அவர் பெயர் ஏறியது. அதைப் பார்த்த அன்று மூக்கைச் சிந்துகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீச்சு செட்டாயிருச்சு. இனிமே வாங்கலாம்," என்று பயிற்சியாளர் இஷ்பெல்லிடம் போனார். குளிர் போகட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். கேட்டால்தானே! கடைசியில் கொட்டகைக்குள் கூட்டிப்போய், பாய் மேல் பந்தை வைத்து, அடிக்கச் சொல்லி அளவெடுத்தாள். ஆள் தரையில் நிற்க, பந்து மட்டும் விரல் தடிமன் மேலே ஏறி நின்றது, மட்டையும் அந்த அளவுக்குக் குட்டையாக வந்தது. பாயிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. பழைய செட்டைச் செங்கா பட்டாணிக் கொடிக்கு முட்டாகத் தோட்டத்தில் நட்டுவிட்டாள்.

போட்டியன்று டூகி அவரைத் தன்னோடு ஜோடி சேர்த்துக்கொண்டான். முதல் அடி, சின்ன முளை மேல் பந்தை வைத்து அடிப்பது. தப்பித்தார். இரண்டாவது அடிக்குப் பந்து வெறும் புல்லில் கிடந்தது. பளபளக்கும் புது மட்டை அதன் உச்சந்தலையில் தட்ட, அது எலி மாதிரி தரையோடு ஓடி நின்றது. அடுத்த அடியும் அப்படியே. அதற்கடுத்ததும். பக்கத்து ஊர்க்காரர்கள் நாகரிகமாகக் கடலைப் பார்த்தார்கள். வேலியோரம் நின்ற இஷ்பெல்லுக்கு அப்போதுதான் பாய் ஞாபகம் வந்து, நெற்றியில் அறைந்துகொண்டாள்.

டூகி பக்கத்தில் வந்தான். "ஏன் மாப்ளே, இத்தனை வருஷமா மட்டை பழசுன்னே. இப்ப என்னத்தைச் சொல்லப்போறே?" கேலியாகத்தான் ஆரம்பித்தான். லோர்னின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் குரல் இறங்கிவிட்டது.

லோர்ன் பாவம், அழுதுவிடுவார் போலிருந்தது. கம்பத்துக் கொடியை அண்ணாந்து பார்த்தார். காற்றும் இல்லை. பிறகு டூகியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, இடது ஷூவைக் கழற்றி, அதன் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.