தரையிலிருந்து உயரம்

எங்கள் உலர்தாவரக் காப்பகத்தில் அவளுக்குக் 'கொட்டையெழுத்து' என்று பட்டப்பெயர். பட்டாணி பட்டாணியாக எழுதுவாள். காய்ந்த செடிகளின் விவரங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது அவள் வேலை. தலைகீழாக நின்றாலும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. மேற்பார்வையாளன் நான், நின்று பார்த்திருக்கிறேன்.

அவள் தம்பிக்கும் இங்கேதான் வேலை. மலையேறிச் சேகரிப்பவன். கிளைகளில் பாசிபோல, நரைத்த தாடியாகத் தொங்குமே, அந்தத் தாடிலைக்கன் என்றால் அவனுக்கு உயிர். "உனக்கு மீசையே ஒழுங்கா முளைக்கல, அதான் மரத்துத் தாடி மேல ஆசை" என்று அக்காக்காரி வாருவாள்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மூன்றாம் தேதி மலைக்குப் போனவன் திரும்பவில்லை. ஒன்பதாம் தேதி, தேடுவதை நிறுத்தச் சம்மதக் கடிதத்தை அவளிடம் நீட்டியது நான்தான். "போட்டுடும்மா. இந்தக் குளிர்ல யாராலயும் இத்தனை நாள் தாங்க முடியாது." கையெழுத்துப் போட்டாள். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். காப்பகத்தில் அவன் போட்டுக்கொள்ளும் கோட்டு இன்னும் கதவோரக் கொக்கியில்தான் தொங்குகிறது. அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடக்கிறேன்.

போன வாரம் பாறை இடுக்கில் அவன் எலும்புகளும் பையும் கிடைத்தன. பைக்குள் ஆறு காகிதப் பொட்டலங்கள், எல்லாம் தாடிலைக்கன். பறித்த இடத்திலேயே, பறித்த அன்றைக்கே பென்சிலால் விவரம் எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் சட்டம். எழுதியிருந்தான்.

"நான் பாத்துக்கறேன், குடும்மா."

"என் மேஜைக்கு வந்த வேலைண்ணே. நீங்க வாசிங்க."

வாசித்தேன். நான்காம் தேதி, ஊசியிலை மரம், தரையிலிருந்து உயரம் ஆறடி. ஐந்தாம் தேதி, வேறொரு மரம், ஐந்தடி. ஏழாம் தேதி, பாறையோரப் பட்டமரம், மூன்றடி. எட்டாம் தேதி, அதே மரம், இரண்டடி. பத்தாம் தேதி, அதே மரம், ஒரு சாண்.

"நிக்க முடியாம உக்காந்திருக்கான். அப்புறம் படுத்துட்டான்" என்றாள்.

கடைசிப் பொட்டலம் பன்னிரண்டாம் தேதி. தரையில் விழுந்த துணுக்கு.

அந்தப் பொட்டலத்தைக் கவிழ்த்து வைத்தேன். "மயக்கத்துல தேதியத் தப்பா எழுதியிருப்பான்மா. தேதி தெரியலைன்னு போட்டுடலாம்."

"ஒரு இடத்துல கூட அடிச்சுத் திருத்தல. என் தம்பிண்ணே அவன்."

பன்னிரண்டு என்று கொட்டையெழுத்தில் எழுதினாள். 'உடன் இருந்தவர்' என்ற கட்டத்தை அவன் காலியாக விட்டிருந்தான். எங்கள் பதிவேட்டில் எதையும் காலியாக விடக்கூடாது.

"இதுல என்ன போடட்டும்?"

"யாருமில்லைன்னு போடு."

எழுதினாள். பிறகு 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் விரலை வைத்துப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"போட்டுடுங்கண்ணே" என்றாள்.