முடக்கத்தான் விற்ற வாய்

வேலியில் தானாக முளைக்கிறதைப் பறித்து விற்கிற தொழிலில் செடியோடு பாடு கொஞ்சம், மனிதரோடு பாடு அதிகம். தெருவோரம் கூடை இறக்கிய யாருக்கும் என் எரிச்சல் புரியும். கம்பம் சந்தைத் தெருவில் நான் விற்பது முடக்கத்தான் கீரை. தோசை மாவில் அரைத்து ஊற்றலாம், ரசம் வைக்கலாம், மூட்டு வலிக்கு விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டலாம்.

களைக்கொல்லி

கூடலூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்து வேலியில் கொடி அடர்ந்து கிடக்கும். பறித்துக்கொள்ளச் சொன்னதே தோட்டக்காரர்தான். மருந்தடிக்கிற அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருந்தேன். ஒருநாள் அரைக்கூடை பறித்த பிறகு விரலெல்லாம் எரிந்தது. முகர்ந்தால் மருந்து நெடி. முதல் நாள் சாயங்காலம் வேலி நெடுக அடித்திருக்கிறார். பிள்ளைகள் தின்கிற பண்டம், யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று சத்தம் போட்டேன். பறித்ததையெல்லாம் குழியில் கொட்டி மூடினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “களைக்குத்தான அடிச்சேன், ஒங் கீரைக்கா அடிச்சேன்?”

வீங்கிய முழங்கால்

வாடிக்கையாக வாங்குகிற அம்மா ஒருவர், வீட்டுக்காரருக்கு முழங்கால் வீங்கிவிட்டது என்று நாலு கட்டு கேட்டார். காய்ச்சல் உண்டா என்றேன். உண்டாம். தொட்டால் சுடுகிறதாம், காலை ஊன்ற முடியவில்லையாம். இது கீரைக்கு அடங்குகிற வலியில்லை, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிக் கீரை தர மறுத்துவிட்டேன். எப்போது டாக்டரானாய் என்று கேட்டுவிட்டு வேறு ஆளிடம் வாங்கிப் போனார்.

நாலு நாள் வதக்கிக் கட்டியிருக்கிறார். கடைசியில் மகன் வந்து தேனிக்குத் தூக்கிப் போக, மூட்டுக்குள் சீழ் என்று ஆபரேஷன் செய்தார்கள். நல்லவேளை, கால் தப்பியது. அடுத்த வாரம் அந்த அம்மா என் கூடைக்கு முன்னால் நின்று சந்தைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: “நீ அன்னைக்கே நல்ல கீரையாக் குடுத்திருந்தா அவுக ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருப்பாகளா?”

மூலிகைத் தோட்டம்

ஒரு பள்ளிக்கூடத்தின் முள்வேலி முழுக்க முடக்கத்தான்தான். ஒருநாள் போனால், ஜேசிபி வேலியோடு வழித்துப் போட்டிருந்தது. எதற்கு என்று அங்கே நின்ற வாத்தியாரைக் கேட்டேன். பிள்ளைகளுக்கு மூலிகைத் தோட்டம் போடப் போகிறார்களாம். பூவும் காயுமாக மண்ணில் கிடந்த கொடியைக் காட்டினேன். அவர் அந்தக் கொடியை மிதித்துத் தாண்டி வந்து கேட்டார்: “முடக்கத்தான் வெதை எங்கனம்மா கெடைக்கும்?”

முட்டியின் முடக்கை அறுக்கிற கொடி வேலிக்கு வேலி கிடக்கிறது, மண்டையின் முடக்கை அறுக்கிற கொடியைத்தான் நான் இன்னும் எந்த வேலியிலும் பார்க்கவில்லை.