சிவப்பு நூல் கட்டிய தம்ளர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவை நடந்துகொண்டிருந்த சமயம். நான் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது; வாய் மட்டும் காலேஜ் வரைக்கும் போய்விட்டு வந்தது. என் அக்கா வீட்டுக்காரர் அங்கேயே கரும்பு வெட்டுகிற கூட்டத்தில் இருந்தார். மாமாவைக் கிண்டல் பண்ணாமல் எனக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு வெட்டிப் போட்ட கரும்பின் மேலேயே சாய்ந்து கிடந்தார். கண் இரண்டும் மஞ்சள்.

"இன்னா மாமா, பொங்கலுக்கு முன்னாடியே மஞ்சள் பூசிக்கினியா?" என்றேன். திட்டுவார் என்று பார்த்தால் வாயே திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மாமாவுக்கு ஹெபடைடிஸ் பி. கல்லீரலில் குடியேறிவிட்ட வைரஸ். அது வெளியே போகாது, தினமும் மாத்திரை போட்டு அடக்கி வைக்க வேண்டும். போட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

கூட்டத்து மேஸ்திரி, காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது, வெள்ளிமலைக்குக் கொண்டுபோய் பச்சிலை கொடுத்து உப்பில்லாப் பத்தியம் வைத்தால் சரியாகிவிடும் என்று ஜீப்பே வரவழைத்துவிட்டார். அக்காவும் அழுதுகொண்டே தலையாட்டினாள். ஜீப்பில் ஏறும்வரை நான் மூச்சு விடவில்லை. ரோட்டுக்கு வந்ததும் டிரைவரிடம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

அங்கே கல்லீரல் பார்க்கும் டாக்டரம்மா உடனே படுக்கையில் சேர்த்தார். ரத்தத்தில் வைரஸ் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரையை மாற்றுவதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, தினமும் போட்டீர்களா என்பதுதான். மாமா சுவரைப் பார்த்தார்.

பிறகு மெதுவாக வந்தது கதை. வயலில் மாத்திரை அட்டையைப் பார்த்து ஒருத்தர் என்ன வியாதி என்று கேட்டிருக்கிறார். இவரும் சொல்லிவிட்டார். மறுநாள் மேஸ்திரி இவர் தம்ளரில் சிவப்பு நூல் கட்டித் தனியாக வைத்துவிட்டார். கூழைக்கூட அவர் தம்ளரில் படாமல் மேலே தூக்கித்தான் ஊற்றினார்களாம். அந்தக் கூச்சத்தில் வெட்டுக்குப் போனால் மாத்திரையைத் தொடுவதில்லை, வீட்டுக்கு வந்தால் போடுவது.

"அரைகுறையா மருந்து போனா கிருமி சாவாதுங்க. அந்த மாத்திரைக்கே பழகிடும். இது பழைய மாத்திரை வேற, சீக்கிரமே பழகிடும்" என்றார் டாக்டரம்மா.

இன்னொரு டெஸ்ட்டில் வைரஸ் மாறியிருப்பது உறுதியானது. பழைய மாத்திரைக்கு அண்ணன் தம்பி மாதிரி மாத்திரைகள் உண்டாம். ஒன்றை ஜெயித்த வைரஸ் மற்றதையும் ஜெயித்துவிடுமாம். அதனால் வேறு வகை மாத்திரை எழுதினார். இதையும் இஷ்டத்துக்கு நிறுத்தினால் கல்லீரல் வீங்கி உயிருக்கே ஆபத்து, அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்து, தடுப்பூசியும் போடச் சொன்னார்.

கூடச் சாப்பிட்டால் ஒட்டுமா என்று கேட்டேன். ஒட்டாது, ரத்தத்தில், புருஷன் பெண்டாட்டி உறவில், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, இப்படித்தான் பரவும், சவரக்கத்தி, வெட்டுக்காயம், அதில்தான் ஜாக்கிரதை வேண்டும் என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் வெட்டு இல்லாத நாளில், மோட்டார் கொட்டகையில் வைத்து மேஸ்திரியில் ஆரம்பித்து ஒருத்தர் விடாமல் ஒரே கத்தியில்தான் சவரம் செய்துகொள்வார்கள். மாமாவுக்கும் அதே கத்திதான்.

மாமா தேறியதும் நேராக வயலுக்குப் போனேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கடையில் வாங்கிய சிவப்பு நூலை ஒவ்வொரு தம்ளரிலும் கட்டினேன். மிச்சத்தை, கொட்டகையிலிருந்து எடுத்துவந்த சவரக்கத்தியில் சுற்றி மேஸ்திரி முன்னால் வைத்தேன்.

"ஒரே தம்ளர்ல குடிச்சா ஒட்டாதாம் மேஸ்திரி. ஒரே கத்தியில செரச்சாதான் ஒட்டுமாம். போய் ரத்தம் பாத்துக்கினு வாங்க. ஒண்ணும் இல்லன்னா ஊசி போட்டுக்கோங்க."

மேஸ்திரி தாடையைத் தடவிக்கொண்டார். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. எனக்கு அவர் தம்ளரை எட்டி உதைக்கத்தான் தோன்றியது.

மாமாவுக்கு இப்போது வைரஸ் அடங்கியிருக்கிறது. எல்லோர் கண் முன்னாலும், நூல் கட்டிய அதே தம்ளரில் தண்ணீர் மொண்டு மாத்திரை போடுகிறார். யாராவது யாருக்காவது கூழைத் தூக்கி ஊற்றுவதைப் பார்த்தால் மட்டும், இந்த வாயில் கிண்டல் வருவதில்லை. ஒரு மனுஷனைச் சாவு வரைக்கும் தள்ள ஒரு முழம் நூல் போதும் என்கிற கோபம்தான் வருகிறது.