கதவு நிலைக்கு மேலே வைத்த ப்யூஸ் பெட்டி

அருள்புரத்தில் எங்கள் வீட்டின் பழைய ப்யூஸ் பெட்டி வாசற்கதவை ஒட்டி, இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. பீங்கான் ப்யூஸ் இரண்டு, ஓரம் கருகிய மரப்பலகை. மகள் நடக்கத் தொடங்கியதும் கையில் கிடைத்ததையெல்லாம் அதன் அடியில் தள்ளிக்கொண்டு போய் ஏறப் பார்ப்பாள். எனக்கு உயிரே போய்விடும்.

அதனால் புதுப் பெட்டி மாட்ட ஆள் வந்தபோது இடத்தை நான்தான் சொன்னேன். எலக்ட்ரீசியன் சுவரில் கையை வைத்து, "இங்கீங்களாக்கா?" என்று கேட்கக் கேட்க, இன்னும் மேலே என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டி கதவு நிலைக்கும் மேலே போய்விட்டது. கணவர் கையைத் தூக்கிப் பார்த்து, எட்டுகிறது என்றார். மாமியார் கீழே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். தைத்து முடித்த பனியன்களில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கும் வேலை. கம்பெனியிலிருந்து பண்டல் பண்டலாக வீட்டுக்கே வரும். அவர் அண்ணாந்து பார்த்து, "கோபுரத்து மேல கலசம் வெச்சாப்ல இருக்குது. கீழ நின்னு கும்பிட்டுக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அவர் என் தோள் உயரம்தான் இருப்பார். உங்களுக்கு எட்டுங்களா அத்தை என்று நான் கேட்கவில்லை. பகலெல்லாம் அந்த வீட்டில் குழந்தையோடு இருப்பவர் அவர் ஒருவர்தான்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் ஆபீசுக்குப் போன் செய்தார். நம் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை, குழந்தை தொட்டிலில் வேர்த்து அழுகிறாள் என்றார். வெளிநாட்டுக்குப் போகவேண்டிய பனியன் சாம்பிளை அளந்துகொண்டிருந்தேன். "டிரிப் ஆயிருக்குமுங்க அத்தை. பெட்டியில கீழ விழுந்திருக்கிற சுவிட்சை மேல தள்ளிவிடுங்க, வந்துரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

பிசிறு வெட்டும் வீடுகளில் பனியன் பண்டல்தான் தலையணை, முக்காலி எல்லாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டை வைத்து ஏறியிருக்கிறார். சுவிட்ச் மேலே போய் ஃபேன் சுற்றத் தொடங்கிவிட்டது. இறங்கும்போதுதான் மேல் பண்டல் வழுக்கியிருக்கிறது. வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "நீ சொன்ன மாதிரியே தள்ளுனேன் அம்மிணி. வந்துருச்சு" என்றார். அதில் குத்தல் ஏதும் இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எலும்பு கூடிவிட்டது, ஆனால் கத்தரி பிடிக்க வரவில்லை. பண்டல்கள் இப்போது எதிர்வீட்டுக்குப் போகின்றன. குழந்தையை அவர் அள்ளித் தூக்குவதில்லை. உட்கார்ந்துகொண்டு, மடியில் வந்து ஏறச் சொல்கிறார்.

அதே எலக்ட்ரீசியனை மறுபடி வரவழைத்தேன். மாமியாரைச் சுவரோரம் நிற்கவைத்து, இடது கையைத் தூக்கச் சொன்னேன். அந்த இடத்தில் எலக்ட்ரீசியன் பென்சிலால் கோடு போட்டார். "இன்னும் கொஞ்சம் மேல வெய்ங்க, புள்ளைக்கு எட்டிரும்" என்றார் மாமியார். வேண்டாம், கோட்டிலேயே இருக்கட்டும் என்றேன். நாளைக்கு மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டால் எட்டிவிடும் என்பது எனக்கும் தெரியாமல் இல்லை. இதுவும் தப்பாகிவிடுமோ என்று அப்போதே தோன்றியது.

பெட்டி இப்போது மாமியாரின் கைக்கு எட்டுகிறது. ஆனால் அவர் அதைத் தொடுவதில்லை. போன வாரம் டிரிப் ஆனபோது எனக்குப் போன்கூடச் செய்யவில்லை. சாயங்காலம் நான் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வரும்வரை, ஒரு அட்டையை இடது கையில் பிடித்துக் குழந்தைக்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.