வடித்த தண்ணீரில் ஒரு சொதி

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்த கிழமையே எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் வைத்தியர்கள் ஆகிவிட்டார்கள். உண்மையான வைத்தியர் மட்டும் சுருக்கமாகப் பேசினார். இரத்தத்தில் பொட்டாசியம் கூடிக்கிடக்கிறது, மருந்து தருகிறேன், மீதியைச் சாப்பாட்டால் இறக்குங்கள், இறங்காவிட்டால் மெஷினில் போட்டு இரத்தம் சுத்திகரிக்க வேண்டிவரும் என்றார்.

என் கணவர் துறைமுகத்தில் கிறேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் பாரத்தை ஒரு கையால் ஏற்றி இறக்கிய மனிதர், மெஷின் என்றதும் கதிரையிலேயே வெளிறிப்போனார். ஆனால் குசினி என் ராச்சியம். சாப்பாட்டால் இறக்கலாம் என்றால் நான் இறக்கிக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளினிக்கில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் பிள்ளை ஒரு தாள் தந்தாள். கூடாது என்ற பக்கத்தில் நாங்கள் சாப்பிடுகிற எல்லாமே இருந்தது: உப்பு, கருவாடு, தேங்காய்ப்பால், கீரை, வாழைப்பழம், இளநீர். ஆகும் என்ற பக்கத்தில் இருந்ததைக் கோழிக்குப் போடவும் நான் யோசிப்பேன்.

"மரக்கறியைச் சின்னனா வெட்டி ஊறப்போட்டு, பிறகு நிறையத் தண்ணியில அவிச்சு வடியுங்கோ அன்ரி. அப்பத்தான் பொட்டாசியம் தண்ணியோட போகும்" என்றாள்.

தலையாட்டினேன். நாற்பது வருடமாகச் சமைக்கிறவளுக்கு வடிக்கவா தெரியாது?

பூசணி, கத்தரி, பயற்றங்காய் எல்லாவற்றையும் வடித்தேன். வடித்த மரக்கறி பிழிந்த துணி மாதிரிக் கிடந்தது. சட்டியில் நின்ற தண்ணீரோ நல்ல நிறமும் வாசமுமாக இருந்தது. சோறு வடித்த கஞ்சியைக்கூடக் கொட்டாத வீட்டில் வளர்ந்தவள் நான். வருத்தக்காரன் இருக்கிற வீட்டில் இவ்வளவு சத்தையும் கழிவுக் கானில் ஊற்றுவதா? வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்துத் தேசிக்காய்ப் புளி விட்டேன். தேங்காய்ப்பாலும் இல்லை, உப்பும் இல்லை, ஆனாலும் அது சொதி. தாளில் இருந்த ஒரு விதியையும் மீறவில்லை.

"இன்னும் ஒரு கோப்பை விடும்" என்றார் அவர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை முழுக்க வீடுவீடாக அந்தச் சொதியின் செய்முறையைச் சொல்லித் திரிந்தேன். அயலில் இருந்த பெண்கள் ருசி பார்க்காமலே பாராட்டினார்கள். கெட்டிக்காரிகள்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதித்தால் பொட்டாசியம் முன்னையதைவிட ஏறியிருந்தது. வைத்தியர் இன்னும் இரண்டு கிழமை தவணை தந்தார். "கள்ளமா ஏதும் சாப்பிடுறவரோ?" என்று என்னைக் கேட்டார். அந்த நிமிடத்திலிருந்து நான் பொலிஸ்.

என் கணவர் பின்னேரம் போய் இருக்கிற ஜெட்டியடித் தேத்தண்ணிக் கடைக்குப் போய்க் கடைக்கார நானாவை விசாரித்தேன்.

"நானா, என்ர மனிசனுக்கு வடை குடுத்தனீங்களோ?"

"இல்ல தங்கச்சி. ஒரு பிளேன்டீதான். வடையை அவர் பாத்துக்கொண்டு மட்டும் இருப்பார்."

அடுத்த சந்தேகம் மச்சாள். அவருடைய தங்கை. நிலாவெளியில் இருந்து வரும்போதெல்லாம் கிட்னிக்குக் குளிர்ச்சி என்று செவ்விளநீர்க் குலையோடு வருவாள். அவற்றை நானே குடித்து முடிப்பேன். ஆனாலும் எனக்குத் தெரியாமல் ஒன்றை வெட்டிக் கொடுத்திருப்பாள் என்று முடிவுகட்டி, "உங்கட கொண்ணனை மெஷினில ஏத்தாமல் விடமாட்டியள் போல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். தேத்தண்ணி குடியாமல் எழும்பிப் போனாள்.

இரண்டு கிழமை முடிந்தது. இன்னும் ஏறியிருந்தது. கிளினிக்கில் அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"வடிச்ச தண்ணியை என்ன செய்யிறனீங்கள் அன்ரி?"

"சொதி வைக்கிறனான். ஒரு சொட்டும் வீணாக்கிறேல்லை."

பேனையை மேசையில் வைத்தாள். "ஆர் குடிக்கிறது?"

"இவர்தான். நாளுக்கு ரெண்டு கோப்பை."

"அன்ரி, எடுத்த பொட்டாசியம் முழுக்க அதுக்குள்ளதானே இருக்கு."

மரக்கறியில் இருந்த கேட்டையெல்லாம் பக்குவமாகப் பிரித்தெடுத்து, தேசிக்காய் விட்டு, கோப்பையில் ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். கள்ளனைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவளும் நான்தான். அத்தனை பேருக்கு முன்னால் அழுதுவிட்டேன்.

"அவவை ஒண்டும் சொல்லாதேங்கோ பிள்ளை. கொட்டச் சொல்லித் தாளில இல்லைத்தானே" என்றார் அவர்.

முதல் நாள் அந்தத் தண்ணீரைக் கானில் ஊற்றும்போது கை கூசியது. பிறகு பழகிவிட்டது. மச்சாளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக அடுத்த கிழமை இன்னொரு குலை செவ்விளநீரோடு வந்து நின்றாள்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியது. இப்போதைக்கு மெஷின் தேவையில்லை என்றார் வைத்தியர். ஓட்டோவில் திரும்பி வரும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"இனியெண்டாலும் உண்மையைச் சொல்லுறன். அந்தச் சொதி வாயில வைக்க ஏலாது."

"அப்ப ஏன் ரெண்டாவது கோப்பையும் கேட்டனீங்கள்?"

வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குக் கிட்னி வருத்தம் வந்த நாளில இருந்து நீர் வேற ஒண்டுக்கும் சிரிக்கேல்லை. அதைக் கேட்டாத்தான் சிரிச்சனீர்."

வீட்டுக்கு வந்து நேரே குசினிக்குள் போனேன். மத்தியானம் வடித்த கத்தரிக்காயைத் தாளித்து அவருக்கு முன்னால் வைத்தேன். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து என் சமையலை அவர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அவர் பார்க்கும்படியாக நின்று சிரித்தேன்.